துப்பாக்கியின் தாழ்ப்பாள்

மதுரை மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில் இன்னும் எஞ்சியிருக்கும் பழைய வீடுகளின் வாசற்கதவுகளைப் பார்த்திருப்பீர்கள். கனமான மரக்கதவு, அதன் பின்புறம் கைப்பிடியுள்ள ஓர் இரும்புத் தாழ்ப்பாள். கைப்பிடியைத் திருப்பித் தள்ளினால் அது நிலையிலுள்ள துளைக்குள் சென்று நிற்கும். வெளியிலிருந்து எத்தனை பேர் தள்ளினாலும் அந்த விசையைத் தாங்குவது கதவு அன்று. தாழ்ப்பாளும் அது நுழைந்திருக்கும் துளையின் விளிம்புமே ஆகும்.

துப்பாக்கியில் ‘போல்ட்’ என்று சொல்லப்படும் உறுப்பு இந்தத் தாழ்ப்பாளின் இனத்தைச் சேர்ந்ததுதான். ‘போல்ட்’ என்றதும் நட்டுடன் சேர்ந்த மரையாணியே நம் நினைவுக்கு வருகிறது. ஆங்கிலேயர் தாழ்ப்பாளுக்கும் மரையாணிக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டனர். தமிழில் நமக்கு இரண்டு சொற்கள் இருப்பதால், இக்கட்டுரையில் துப்பாக்கியின் போல்ட்டைத் ‘தாழ்’ என்றே அழைப்போம்.

தேசிய மாணவர் படையில் சேர்ந்திருக்கும் மாணவர்கள் இதைக் கையில் எடுத்தே பார்த்திருக்கக்கூடும். அவர்களுக்குப் பயிற்சி தரும் .22 ரைஃபிளில் கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் தாழ் வெளியே வருகிறது. முன்னால் தள்ளிக் கைப்பிடியை மடக்கினால் குழலின் பின்வாய் அடைபடுகிறது. காவல் படைகளிலும் இராணுவத்திலும் நெடுங்காலம் வழங்கிய எஸ்.எல்.ஆர். என்னும் ரைஃபிளில் இந்த வேலையைக் கை செய்வதில்லை. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் தாழ் தானாகவே திறந்து, வெற்றுக் கூட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளி மூடிக்கொள்ளும். விசைவில்லை ஒரு முறை அழுத்தினால் ஒரு குண்டுதான் போகும். இதையே அரைத் தானியங்கித் துப்பாக்கி என்பர்.

இத்தகைய துப்பாக்கி ஒன்றில் தாழ் பழுதாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முகத்தில் விரிசல் கண்டிருக்கலாம். தோட்டாக் கூட்டை இழுக்கும் கொக்கி நிற்கும் இடம் உடைந்திருக்கலாம். துருப்பிடித்துக் குழிகள் விழுந்திருக்கலாம். கிடங்கில் அதே மாதிரித் துப்பாக்கியின் தாழ் ஒன்று புதிதாக இருக்கிறது. அதை எடுத்துப் போட்டால் உள்ளே போகிறது, மூடுகிறது, திறக்கிறது. வேலை முடிந்ததா? இல்லை. ‘பொருந்துகிறதே!’ என்று நினைத்துச் சுட்டவர்களின் கண்ணும் கையும் பறிபோக வாய்ப்புண்டு. ஏன் என்பதை அறிய முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மூன்று அம்பாசிடர் கார்கள்

லாரியின் டயரில் அடைக்கப்படும் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 7 வளிமண்டலம். அந்த டயர் வெடித்தாலே தெரு அதிர்கிறது. எஸ்.எல்.ஆரில் பயன்படும் 7.62 மி.மீ. தோட்டாவின் உள்ளே மருந்து எரியும்போது அழுத்தம் 4,000 வளிமண்டலத்தை நெருங்குகிறது. லாரி டயரைப் போல ஐந்நூறு மடங்குக்கும் மேல்!

தோட்டாக் கூட்டின் உட்புற அடிப்பகுதியின் விட்டத்தை ஒரு செ.மீ. என்று கொண்டால் அதன் பரப்பு சுமார் 0.785 சதுர செ.மீ. ஒரு வளிமண்டல அழுத்தம் என்பது ஒரு சதுர செ.மீ. மீது ஏறக்குறைய ஒரு கிலோ எடை. எனவே தாழின் முகத்தை நோக்கிப் பாயும் விசை 3,000 கிலோ எடைக்குமேல் வருகிறது. இன்றும் நம் ஊர்களில் இங்குமங்கும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய அம்பாசிடர் காரின் எடை ஒரு டன்னுக்குச் சற்று அதிகம். அத்தகைய கார்களில் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுண்டுவிரல் நகம் அளவுள்ள இடத்தில் நிறுத்தியதற்கு இது சமம். இவ்வளவும் நிகழ்வது ஆயிரத்தில் ஒரு வினாடியில்! சுடுபவரின் முகமோ தாழுக்குப் பின்னே ஒரு சாண் தொலைவில் இருக்கிறது.

ஆகவே, இந்தத் தாழ்ப்பாள் இடம்பெயராமல் நிற்க வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது. தோட்டாவின் அடியை ஒட்டியும் நிற்க வேண்டும்.

பித்தளையின் வேலை

சிவகாசி வெடியின் உறை காகிதத்தாலானது. அது கிழிந்தால்தான் வெடி வெடித்ததாகக் கணக்கு. தோட்டாவின் கூடோ கிழியவே கூடாதது. பெரும்பாலும் அது 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த பித்தளையால் செய்யப்படுகிறது. நம் வீட்டுக் குடம், அண்டாவின் உலோகந்தான். பித்தளை ஏன்? அழுத்தம் ஏறும்போது அது சற்று விரிந்து, குழலின் பின்பகுதியிலுள்ள தோட்டா அறையின் சுவரோடு இறுக ஒட்டிக்கொள்கிறது. வாயு பின்னால் கசிய வழியில்லை. அழுத்தம் இறங்கியதும் சிறிது சுருங்குகிறது. எளிதாக வெளியே வருகிறது. விரியவும் வேண்டும், மீளவும் வேண்டும் என்னும் இந்த இரட்டைக் குணம் அதற்கு நன்றாக வாய்த்திருக்கிறது.

இனி, சிக்கலைக் கவனியுங்கள். கூட்டின் முன்பக்கச் சுவர் மெல்லியது. அழுத்தம் ஏறியவுடன் அது அறைச் சுவரைப் பற்றிக்கொண்டு அசையாமல் நின்றுவிடும். அடிப்பகுதியோ தடித்தது, அது பற்றிக்கொள்வதில்லை. தாழின் முகத்திற்கும் தோட்டாவின் அடிக்கும் இடையே வெற்றிடம் இருந்தால், அடிப்பகுதி மட்டும் அந்த இடைவெளியைத் தாண்டிப் பின்னே ஓடும். முன்பாதி நிற்கிறது, பின்பாதி ஓடுகிறது. நடுவே பித்தளை இழுபடுகிறது. இடைவெளி மிகச் சிறிதானால் இழுத்த அளவோடு தப்பிக்கும். சற்றே பெரிதானால் அடிக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் வளையமாக அறுந்துவிடும். அறுந்த இடத்தின் வழியே சூடான வாயு சுடுபவரை நோக்கித் திரும்பும்.

தோட்டாவுக்கும் தாழுக்கும் விடப்படும் இந்த இடத்தைத் துப்பாக்கித் தொழிலில் ‘ஹெட் ஸ்பேஸ்’ என்பர். நாம் ‘தலையிடம்’ எனலாம். தாழை மாற்றும் வேலை முழுவதும் இந்தத் தலையிடத்தைச் சரியாக வைப்பதைச் சுற்றியே நடக்கிறது. மற்றவை எல்லாம் இதற்குப் பிறகுதான்.

இது எவ்வளவு நுட்பமான அளவு? பழைய .303 ரைஃபிளின் தோட்டாவுக்கு அடியில் விளிம்பு ஒன்று உண்டு. அந்த விளிம்பு அமர்வதற்கு விடப்படும் இடம் 0.064 அங்குலத்திற்குக் குறையக் கூடாது, 0.074 அங்குலத்திற்கு மிகக் கூடாது. இது ஆங்கிலேயர் தம் படைக்கு வகுத்த எல்லை. மி.மீ. கணக்கில் 1.63 முதல் 1.88 வரை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கால் மி.மீ. உங்கள் பள்ளிச் சோதனைக்கூடத்தில் உள்ள திருகு அளவியின் மீச்சிற்றளவு 0.01 மி.மீ. அல்லவா? அதன் தலைக்கோலில் வெறும் 25 பிரிவுகள்! அவ்வளவுக்குள் நல்ல துப்பாக்கியும் கெட்ட துப்பாக்கியும் அடங்கிவிடுகின்றன.

போகும் அளவியும் போகா அளவியும்

ஆனால் ஆயுதப் பழுதுபார்ப்பவர், அதாவது ‘ஆர்மரர்’, திருகு அளவியைக் கொண்டு தோட்டா அறைக்குள் அளப்பதில்லை. அளக்கவும் இடம் போதாது. அவரிடம் தோட்டாவின் வடிவில் கடைந்த இரண்டு உருக்குத் துண்டுகள் இருக்கும். ஒன்று மிகக் குறைந்த எல்லையின் அளவு; மற்றொன்று மிகக் கூடிய எல்லையின் அளவு. முதலாவதைப் ‘போகும் அளவி’ என்றும் இரண்டாவதைப் ‘போகா அளவி’ என்றும் சொல்வோம். போகும் அளவியை அறையில் வைத்தால் தாழ் தடையின்றி மூட வேண்டும். போகா அளவியை வைத்தால் மூடக் கூடாது. இவ்வளவுதான் சோதனை! எண் படிக்க வேண்டியதில்லை. கண்ணை இடுக்கிக் கோடு பார்க்க வேண்டியதில்லை. ‘எவ்வளவு?’ என்னும் கேள்வியை ‘ஆமா, இல்லையா?’ என்னும் கேள்வியாக மாற்றிவிட்ட இந்த எளிய உபாயம், பொறியியலில் தோன்றிய மிக நல்ல கருத்துகளுள் ஒன்று என்பேன். இன்று பேரிங், பிஸ்டன், குழாய் என எதைச் செய்யும் பட்டறையிலும் இவ்வகை அளவிகளைக் காணலாம்.

சோதிக்கும்போது இழுகொக்கியையும் அடிஊசியையும் தாழிலிருந்து கழற்றிவிடுவார்கள். அவற்றின் சுருள்வில் அளவியைத் தள்ளினால் கை உணர்வது பொய்யாகிவிடும். அறையில் ஒட்டிய மசியையும் எண்ணெயையும் துடைத்துவிட வேண்டும். தாழை விரல் நுனியால் மென்மையாகவே மூட வேண்டும். நெம்புகோலின் வலிமையை நீங்கள் படித்திருக்கிறீர்கள். கைப்பிடியை அழுத்தி மடக்கினால் போகா அளவியின் மீதும் தாழ் மூடிக்கொள்ளக்கூடும்!

மதுரை வெயிலுக்கும் இங்கே ஒரு பங்கு உண்டு. அளவுகளுக்கு உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். கோடையில் நம் ஊரில் 40 டிகிரி ஆகிறது. உருக்கு ஒரு டிகிரிக்குத் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் 12 பங்கு நீள்கிறது. 7.62 மி.மீ. தோட்டாவுக்குரிய அளவி ஏறத்தாழ 41 மி.மீ. நீளமுள்ளது. இருபது டிகிரி ஏறினால் அது 0.01 மி.மீ. நீளும். துப்பாக்கியும் உருக்கே ஆதலால் இரண்டும் சேர்ந்தே நீளும், தீங்கில்லை. ஆனால் வெயிலில் கிடந்த துப்பாக்கியில், குளிர்சாதன அறையிலிருந்து அப்போதுதான் எடுத்துவந்த அளவியைப் போட்டுப் பார்ப்பது சரியாகாது. இரண்டையும் ஒரே மேசையில் சிறிது நேரம் கிடக்கவிட்ட பிறகே அளக்க வேண்டும்.

எதை மாற்றுவது?

போகா அளவியின்மீது புதிய தாழ் மூடிக்கொண்டது என்றால் என்ன செய்வது? துப்பாக்கியைப் படைத்தவர்கள் இதற்கு வெவ்வேறு வழிகளை வைத்திருக்கிறார்கள்.

.303 என்ஃபீல்டு ரைஃபிளின் தாழ் இரண்டு துண்டுகளால் ஆனது. முன்னே உள்ள தலை, மரை போட்டுத் திருகப்பட்டது, தனியே கழற்றலாம். நான்காம் எண் என்ஃபீல்டில் இந்தத் தலைகள் 0, 1, 2, 3 என எண் பொறிக்கப்பட்டு நான்கு அளவுகளில் வந்தன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நீளத்தில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கே வேறுபாடு. ‘1’ போட்டிருந்து இடம் கூடிவிட்டால் ‘2’ போட வேண்டும். செருப்புக் கடையில் ஓர் எண் கூட்டிக் கேட்பது போலத்தான்.

எஸ்.எல்.ஆரின் அமைப்பு வேறு. பெல்ஜியம் நாட்டு எஃப்.என். தொழிற்சாலையில் டியுடோன்னே செவ் என்பவர் வடிவமைத்த எஃப்.ஏ.எல். என்னும் ரைஃபிளே இதன் மூலம். இதில் தாழ் திரும்புவதில்லை, சாய்கிறது. முன்னே சென்று நின்றதும் அதன் பின்பகுதி கீழே இறங்கி, உடற்பகுதியில் குறுக்கே பதித்துள்ள ஓர் உருக்குக் கட்டையின் முன்னே முட்டி நிற்கிறது. வயலில் வண்டி பின்னோக்கி உருளாமலிருக்கச் சக்கரத்திற்குப் பின்னே கல் வைப்போமே, அந்த வேலையை இந்தக் கட்டை செய்கிறது. சுட்டவுடன் குழலின் துளை வழியே சிறிது வாயு பிரிந்து ஒரு பிஸ்டனை உதைக்கிறது. பிஸ்டன் ‘தாழ்தாங்கி’யைப் பின்னே தள்ளுகிறது. தாழ்தாங்கி சிறிது தூரம் வெறுமனே ஓடிய பிறகே தாழின் பின்பகுதியைத் தூக்கிக் கட்டையிலிருந்து விடுவிக்கிறது. அந்தச் சிறிது தூரம் வீணன்று! அதற்குள் குண்டு குழலைவிட்டு வெளியேறி, உள்ளே அழுத்தம் இறங்கிவிடுகிறது. அழுத்தம் இறங்குமுன் தாழ் திறந்தால் என்ன ஆகும் என்பதை மேலே சொன்ன மூன்று கார்களை நினைத்து நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

எஸ்.எல்.ஆரில் தலையிடத்தைத் தீர்மானிப்பது அந்தக் குறுக்குக் கட்டைதான். அது சிறுசிறு வேறுபாடுள்ள பல அளவுகளில் கிடைக்கும். புதிய தாழைப் போட்டு அளவியால் சோதித்து, இடம் கூடுதலானால் பெரிய கட்டை. குறைவானால் சிறிய கட்டை. கட்டை மிக இறுக்கமாக அழுத்திப் பதிக்கப்பட்டிருப்பதால், எடுத்துப் போடுவதற்கு உரிய கருவி தேவை. கட்டையை மாற்ற இயலாதபோது தாழையே அரத்தால் தேய்த்துவிடலாமே என்று தோன்றும். அது கூடாது. காரணத்தைத் திருப்பாச்சேத்தியில் கேட்கலாம்.

அரிவாளின் பாடம்

மதுரையிலிருந்து மானாமதுரை செல்லும் வழியிலுள்ள திருப்பாச்சேத்தி, அரிவாளுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்குள்ள கொல்லர் அரிவாளை அடித்து முடித்ததும் வாய்ப்பகுதியைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் ‘சொய்’ என்று தோய்ப்பார். வாய் கடினமாகிவிடும், முதுகு கடினமாகாமல் முறிவைத் தாங்கும். முழுவதும் கடினமானால் அரிவாள் கண்ணாடிபோல் உடையும். முழுவதும் மென்மையானால் வாய் மழுங்கும்.

துப்பாக்கியின் தாழுக்கும் இதே இக்கட்டு. மேற்பரப்பு தேயாமலிருக்கக் கடினம் வேண்டும். உள்ளே முறியாமலிருக்க வளமை வேண்டும். அதனால் குறைந்த கரியுள்ள உருக்கில் தாழைச் செய்து, சுமார் 900 டிகிரி வெப்பத்தில் கரிப்பொருள்களோடு வைத்து மேற்பரப்பில் மட்டும் கரியை ஊறச்செய்து, பிறகு குளிர்விக்கும் முறை நெடுங்காலமாக உண்டு. இவ்வாறு கடினமாகும் தோல், ஒரு மி.மீ.க்கும் குறைவான தடிப்புள்ளது. அரம் போட்டுத் தேய்ப்பவர் இந்தத் தோலைத்தான் உரித்தெடுக்கிறார்! அளவி அன்றைக்குச் சரி என்றே காட்டும். சில நூறு முறை சுட்ட பிறகு மென்மையான உருக்கு அமுங்கி, தலையிடம் கூடிவிடும்.

முட்டும் பரப்புகள் ஒழுங்காகப் பொருந்துகின்றனவா என்று பார்க்க இன்னொரு முறை உண்டு; மதுரைப் பட்டறைகளில் எஞ்சின் வால்வைப் பொருத்தும் தொழிலாளரும் அறிந்தது. ஒரு பரப்பில் நீலச் சாயத்தை மிக மெல்லியதாகத் தடவி மூடித் திறந்தால், எங்கே தொடுகிறதோ அங்கே மட்டும் நீலம் மறுபக்கம் ஒட்டியிருக்கும். என்ஃபீல்டின் தாழில் பூட்டும் முனைகள் இரண்டு. நீலம் ஒன்றில் மட்டும் ஒட்டியிருந்தால், மூன்று டன் பளுவை அந்த ஒரு முனையே சுமக்கிறது என்று பொருள்.

ஒன்றுபோல் இருப்பவை

‘எந்தத் தாழை எடுப்பது?’ என்னும் கேள்விக்கு வருவோம். இதற்கு நம் நாட்டிலேயே நல்ல எடுத்துக்காட்டு உள்ளது.

கல்கத்தாவை அடுத்த இஷாப்பூரில் 1904-ல் ரைஃபிள் தொழிற்சாலை ஏற்பட்டது. அங்கே பல ஆண்டுகள் .303 என்ஃபீல்டு செய்யப்பட்டது. 1962-ல் சீனப் போர் நடந்தது. அதற்குப் பின், அதே என்ஃபீல்டு அமைப்பில் 7.62 மி.மீ. தோட்டா சுடும் ‘2ஏ’, ‘2ஏ1’ என்னும் ரைஃபிள்களை இஷாப்பூர் வெளியிட்டது. பெட்டியில் பத்துக்குப் பதில் பன்னிரண்டு தோட்டா. மற்றபடி தூரத்திலிருந்து பார்த்தால் .303-க்கும் இதற்கும் வேறுபாடு தெரியாது. ஆனால் புதிய தோட்டாவின் அழுத்தம் கூடுதல் என்பதால் உயர்ந்த ரக உருக்கில் இதைச் செய்தனர். இந்தத் தோட்டாவுக்கு அகன்ற விளிம்பும் கிடையாது. ஆதலால் இழுகொக்கியும் மாறியது. இதற்குப் பழைய .303-இன் தாழை எடுத்துப் போட நினைப்பவர் தோற்றத்தை மட்டும் பார்க்கிறார். உருக்கின் வலிமை கண்ணுக்குத் தெரிவதில்லை.

எஸ்.எல்.ஆரின் கதை இன்னும் சுவையானது. பெல்ஜியத்தில் மெட்ரிக் அளவில் பிறந்த துப்பாக்கியை, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகள் அங்குல அளவில் மீண்டும் வரைந்து தமக்கெனச் செய்தன. ஆகவே ஒரே துப்பாக்கிக்கு அங்குல வம்சம், மெட்ரிக் வம்சம் என இரண்டு வம்சங்கள். பல உறுப்புகள் இரண்டிலும் பொருந்தும், சில பொருந்தா. மெட்ரிக் தோட்டாப்பெட்டி அங்குலத் துப்பாக்கியில் தளர்ந்து நிற்கும். அங்குலப் பெட்டி மெட்ரிக் துப்பாக்கியில் நுழையவே நுழையாது. இந்தியா பல நாட்டு மாதிரிகளையும் வைத்து ஆராய்ந்து 1960-களில் தன் ‘1ஏ1’ எஸ்.எல்.ஆரை உருவாக்கியது. அது முழுக்க அங்குல வம்சமும் அன்று. முழுக்க மெட்ரிக் வம்சமும் அன்று. அதன் மரக்கட்டையின் பின்தகட்டைப் பழைய என்ஃபீல்டிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். எண்ணெய்ப் புட்டி வைக்கும் சிறு கதவோடு! கையிலிருக்கும் அச்சையும் பொறியையும் பயன்படுத்திக்கொள்வது சிக்கனமே. ஆனால் மாற்று உறுப்பு தேடுபவர் ‘எஸ்.எல்.ஆர். தாழ்’ என்று மட்டும் கேட்டால் போதாது; எந்த நாட்டு, எந்த மாதிரி என்று சொல்லியாக வேண்டும்.

இது துப்பாக்கிக்கு மட்டும் உள்ள தொல்லை அன்று. இந்தியாவில் மெட்ரிக் அளவை 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அதற்கு முன் வந்த பொறிகளில் அங்குல மரை. பின் வந்தவற்றில் மி.மீ. மரை. அரை அங்குல விட்வொர்த் நட்டில் ஓர் அங்குலத்திற்கு 12 புரி, 12 மி.மீ. மரையாணியில் புரிக்குப் புரி 1.75 மி.மீ. இரண்டையும் சேர்த்தால் ஒன்றிரண்டு சுற்று ஏறும், பிறகு நின்றுவிடும். ‘ஏறுகிறதே’ என்று ஸ்பானரால் முறுக்கினால் மரை சிதையும். 1911-ல் சுந்தரம் அய்யங்கார் மதுரையில் மோட்டார்த் தொழிலைத் தொடங்கிய நாளிலிருந்து இந்த ஊர் உதிரி உறுப்புகளோடு பழகி வருகிறது. மதுரை மெக்கானிக் எவரும் வண்டியின் மாடலையும் ஆண்டையும் கேட்காமல் உறுப்பை எடுத்துத் தரமாட்டார்.

ஐம்பது பூட்டுகள்

ஒரே மாதிரிச் செய்த உறுப்புகள் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடத்தக்கவையாக இருக்க வேண்டும் என்னும் எண்ணமே துப்பாக்கித் தொழிலில் வளர்ந்ததுதான். 1785-ல் பிரான்சில் அமெரிக்கத் தூதராயிருந்த தாமஸ் ஜெஃபர்சன், ஒனோரே பிளான் என்னும் துப்பாக்கித் தொழில் வல்லுநரைப் பார்க்கப் போனார். பிளான் ஐம்பது துப்பாக்கிப் பூட்டுகளை உறுப்பு உறுப்பாகப் பிரித்துத் தனித்தனி அறைகளில் வைத்திருந்தார். ஜெஃபர்சன் கைக்கு வந்த உறுப்புகளை எடுத்துத் தாமே சில பூட்டுகளைச் சேர்த்தார். அவை நன்றாகப் பொருந்தின. அதுவரை ஒவ்வொரு துப்பாக்கியும் அதற்கென்றே அரத்தால் தேய்த்துச் செய்யப்பட்டது; ஒன்றின் உறுப்பு மற்றொன்றுக்கு ஆகாது.

அமெரிக்காவில் எலி விட்னி 1798-ல் பத்தாயிரம் துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டு, 1801-ல் தலைவர்கள் முன் இதே வித்தையைக் காட்டினார். அவரே இம்முறையின் தந்தை என்று பல பாடநூல்கள் எழுதின. பின்னாளில் அவருடைய துப்பாக்கிகளைப் பிரித்துப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், எந்த உறுப்பு எந்தத் துப்பாக்கிக்கு என்று தனி அடையாளங்கள் வெட்டியிருந்ததைக் கண்டனர். அப்படியானால் அவை மாற்றிப் போடத்தக்கவை அல்ல என்றுதானே பொருள்! 1820-களில் ஜான் ஹால் என்பவர் ஹார்ப்பர்ஸ் ஃபெரி தொழிற்சாலையில், பல அளவிகளைக் கொண்டு உறுப்புக்கு உறுப்பு சோதித்த பிறகே அது உண்மையில் கைகூடியது. வித்தை பொறியில் மட்டும் இல்லை; அளவியிலும் இருந்தது.

எவ்வளவு நுட்பமாகச் செய்தாலும் எல்லா உறுப்பும் அச்சாக ஒரே அளவில் வந்துவிடாது. இத்தனை மிகலாம், இத்தனை குறையலாம் என்று வரைபடத்தில் ஒரு பொறுதி கொடுத்தே தீர வேண்டும். தாழ், கட்டை, குழல், உடற்பகுதி என நான்கு உறுப்புகளின் பொறுதியும் ஒரே பக்கம் கூடிவிட்டால் தலையிடம் எல்லையைத் தாண்டும். பொறுதியை இன்னும் குறைத்தால்? செய்யும் செலவு மளமளவென ஏறும். அதனால்தான் மலிவான பொறுதியில் செய்து, கடைசியில் ஒரே ஓர் உறுப்பை மட்டும் அளவு பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வழியை என்ஃபீல்டும் எஸ்.எல்.ஆரும் பின்பற்றின. இது குறைபாடு என்று சிலர் சொல்வர். எனக்கு அது நல்ல சமயோசிதமாகவே படுகிறது.

மதுரையிலிருந்து சுமார் 130 கிலோமீட்டரில், திருச்சிராப்பள்ளியில், 1966-ல் ஏற்பட்ட படைக்கலத் தொழிற்சாலை உள்ளது. எஸ்.எல்.ஆருக்குப் பின் இராணுவத்துக்கு வந்த 5.56 மி.மீ. ‘இன்சாஸ்’ அங்கும் செய்யப்பட்டது; ஏ.கே. வகையைச் சேர்ந்த ‘திருச்சி அசால்ட் ரைஃபிள்’ அங்கே உருவானது. 2021 அக்டோபர் முதல் இத்தொழிற்சாலை அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்யுப்மென்ட் இந்தியா என்னும் அரசு நிறுவனத்தின்கீழ் இயங்குகிறது. இவ்விரு துப்பாக்கிகளிலும் தாழ் சாய்வதில்லை, சுழன்று பூட்டிக்கொள்கிறது. ஏ.கே. வகையில் மாற்றிப் போடும் கட்டை எதுவும் இல்லை. குழலை உடற்பகுதிக்குள் அழுத்தும்போதே, தாழை வைத்து அளவியால் பார்த்து, சரியான இடத்தில் நிறுத்தி ஊசியடித்துவிடுவார்கள். ஆகவே அங்கே தாழும் குழலும் பிறவியிலேயே ஜோடி.

சுட்டுப் பார்த்தல்

அளவி சரி என்று சொன்ன பிறகும் வேலை மிஞ்சியிருக்கிறது. அடிஊசியின் முனை தாழின் முகத்திலிருந்து எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். குறைந்தால் கேப்பு வெடிக்காது, மிகுந்தால் கேப்பைத் துளைத்துவிடும். இழுகொக்கியின் பிடி சோதிக்கப்படும். பின் துப்பாக்கியைத் தாங்கியில் கட்டிவைத்து, தொலைவில் நின்று கயிற்றால் விசைவில்லை இழுத்துச் சுடுவார்கள். அதன் பிறகு வெளியே விழுந்த வெற்றுக் கூட்டை எடுத்துப் பார்ப்பார் ஆர்மரர். அடிக்குச் சற்று மேலே பளபளப்பான வளையம் ஒன்று தெரிந்தால், பித்தளை அங்கே இழுபட்டு மெலிந்திருக்கிறது. அடுத்த முறையோ அதற்கடுத்த முறையோ அந்த இடத்தில்தான் அறுபடும். அத்தகைய துப்பாக்கி மறுபடியும் மேசைக்கே வரும்.

மதுரையில் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் 6-ஆம் அணி இருக்கிறது. இப்படிப்பட்ட படைகளில் ஆர்மரர் என்பது தனிப் பயிற்சி பெற்றவர் செய்யும் தொழில். வேறெவரும் இதில் கை வைப்பதைச் சட்டமும் ஒப்புவதில்லை. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியின் உறுப்பும் ஆயுதமே. தனியாக ஒரு தாழை வைத்திருப்பதற்கும், பழுதுபார்க்கும் பட்டறை நடத்துவதற்கும் உரிமம் வேண்டும்.

சில ஆயுதக் கிடங்குகளில், துப்பாக்கி களவு போனாலும் பயன்படாதிருக்கத் தாழ்களைக் கழற்றித் தனியே பூட்டிவைப்பதுண்டு. நூறு துப்பாக்கி ஓர் அறையில். நூறு தாழ் மற்றோர் அறையில். காலையில் அவசரமாக மாட்டும்போது எண் பார்க்காமல் மாட்டினால், அத்தனை பேரின் உழைப்பும் வீணாகிவிடும். இதற்காகவே துப்பாக்கியின் எண் தாழிலும் பொறிக்கப்படுகிறது; என்ஃபீல்டில் அது கைப்பிடியின் பின்னால் இருக்கும். புதிய தாழ் எல்லாச் சோதனையிலும் தேறியதும் ஆர்மரர் சிறு சுத்தியலும் எண் உளிகளும் எடுத்து, அது சேரவேண்டிய துப்பாக்கியின் எண்ணை அதன்மேல் அடிக்கிறார். தாழ் முன்பு வேறொரு துப்பாக்கியில் இருந்ததானால், பழைய எண்ணின் குறுக்கே ஒரு கோடு வெட்டிவிட்டு, பக்கத்தில் புதிய எண்ணை அடிக்கிறார்.